ஓடக் கூடாத இடம்

மருந்துக் கவுன்ட்டரில் இருந்தவர் அழகுமீனாவின் ஏ.டி.எம். கார்டை மறுபடியும் மெஷினில் செருகினார். அவள் ரகசிய எண்ணை அழுத்தினாள். மெஷின் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, கீச்சென்று சத்தம் போட்டு ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளியது. அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகக் கார்டு மட்டும் திரும்பி வந்தது. ஊசி மருந்து இருந்த அட்டைப்பெட்டி அவர் பக்கமே இருந்தது.

"இன்டர்நேஷனல் ஆஃப்," என்றார்.

அவள் விழித்தாள். அவர் சுவரில் இருந்த விளக்கு சுவிட்சைக் காட்டி, அதை அணைப்பது போல விரலை அசைத்தார். பிறகு கார்டைக் காட்டினார். "பேங்க். இந்தியா. ஆன்."

அது புரிந்தது. கார்டில் பணம் இருக்கிறது. ஆனால் நாட்டுக்கு வெளியே செல்லும்படி அதைத் திறந்துவிடவில்லை. ஊரில் இருந்துகொண்டு யாராவது அந்த சுவிட்சைப் போட வேண்டும்.

அந்த யாராவது என்பது அவள் கணவன் தங்கப்பாண்டியன்தான். கணக்கு அவள் பெயரில் இருந்தாலும் வங்கியில் கொடுத்திருந்தது அவனுடைய போன் நம்பர். வங்கியின் செயலி இருப்பதும் அவன் போனில்தான். வெளிநாட்டுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு என்று இருவருக்குமே தெரியாது. "எந்த ஊர் மெஷின்ல போட்டாலும் பணம் வரும், கையில நிறைய வச்சுக்கிட்டுக் கூட்டத்துல அலையாத" என்று சொல்லித்தான் விருதுநகரில் ரயில் ஏற்றிவிட்டான்.

முக்திநாத்துக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய அக்கா முருகம்மாளின் ஆசை. தாய் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள். கணவனை இழந்தபின் தம்பி வீட்டோடு இருந்தாள். அறுபதைத் தாண்டியவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல், தங்கப்பாண்டியன் மனைவியையும் உடன் அனுப்பினான். காரியாபட்டி சீனிவாசகம் வருஷாவருஷம் யாத்திரைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர். அவர் கூட்டத்தோடு இருவரும் நேபாளம் வந்தார்கள். மலை மேல் பனி உருகி விழும் தாரைகளில் முருகம்மாள் ஒன்று விடாமல் நனைந்தாள். பெருமாளைக் கண்ணாரக் கண்டாள். கீழே இறங்கி வரும்போதே மூச்சு இரைத்தது.

பொக்காராவில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஒரு நாள் இருந்தால் சரியாகிவிடும் என்றார்கள். மற்றவர்களுக்குக் கோரக்பூரில் ரயில் காத்திருந்தது. சீனிவாசகம் தன் கையில் இருந்ததைக் கட்டிவிட்டு, "இவுகளை ரயிலேத்திட்டு நானே திரும்பி வந்துருவேம்மா" என்று சொல்லிக் கிளம்பினார். பஸ் மலைப்பாதையில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டும் அவர் போனை எடுக்கவில்லை. அவர் போன பிறகுதான் முருகம்மாளின் உதடு நீலம் பாரித்தது.

இளவயது டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். தன் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து, நுரையீரலில் நீர் ஏறுவதைச் சைகையால் காட்டினார். ஊசியின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஜன்னல் வழியே சூரியனைக் காட்டிக் கையைக் கீழே இறக்கினார். இருட்டுவதற்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் என்ன என்பதை அவர் சைகையில் காட்டவில்லை. காட்டாததுதான் அழகுமீனாவை வதைத்தது.

அவள் கையில் இருந்த நேபாள நோட்டும் நம் ஊர் நோட்டும் காலையிலேயே மருந்துக்கும் பரிசோதனைக்கும் போய்விட்டன. அவளுடைய போன் எல்லையைத் தாண்டியதுமே செத்துவிட்டது. பெயர்களைப் பார்க்கலாம், கூப்பிட முடியாது. கார்டைக் கையில் பிடித்தபடி அவள் வார்டுக்குத் திரும்பி நடந்தபோது, மூக்குத்தி போட்ட நர்ஸ் ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்து நின்றாள். தன் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

அழகுமீனா கணவனின் நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம் இப்போதுதான் முடிந்திருக்கும்.

ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் தங்கப்பாண்டியன் போர்மேன். போர்மேனோ முதலாளியோ, யாரானாலும் போனைக் கேட்டில் உள்ள மர அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீப்பெட்டி, பீடி, போன் மூன்றும் கேட்டைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் வந்து எடுத்துப் பார்க்கலாம். அதை விட்டால் சாயங்காலம் வேலை முடிந்துதான். அவளும் கல்யாணத்துக்கு முன் அங்கே திரி வெட்டியவள். கேட்டருகே போனால், ஆளில்லாத போன்கள் அலமாரிக்குள் சில்வண்டு போலக் கத்திக்கொண்டே இருக்கும். வாட்ச்மேன் பெத்தணன் திரும்பியும் பார்க்க மாட்டார். பிறத்தியார் போனைத் தொடுவதில்லை என்பது அவருடைய சட்டம்.

மகன் பாண்டிமுருகனைக் கூப்பிட்டாள். அவன் வேறு கம்பெனி. அவன் போன் வேறொரு கேட்டில் கிடந்தது. கணவனின் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாரித்தாய், எதிர்வீட்டு மொக்கைச்சாமி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அவள் அறிந்த மனிதர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சுவருக்கு உள்ளே இருந்தார்கள். அவர்களுடைய போன்கள் எல்லாம் வெளியே கிடந்து அடித்தன.

காரியாபட்டியில் இருக்கும் தங்கை பாண்டிலட்சுமி மட்டும் தோட்ட வேலையில் இருப்பாள், எடுப்பாள் என்று நம்பினாள். மணி அடித்ததுமே கட் ஆனது. மறுபடி அடித்தாள். மறுபடி கட். மூன்றாவது முறை மணியே அடிக்கவில்லை. தெரியாத நாட்டு நம்பர் என்று தங்கை அதைத் தடுத்துவிட்டாள் என்பது அழகுமீனாவுக்குப் புரிந்தது. அவளாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

வார்டில் முருகம்மாளின் நெஞ்சு ஏறி இறங்குவது வாசலில் இருந்தே தெரிந்தது. கண் மூடியிருந்தது.

திரும்பவும் கணவனின் நம்பர். மணி மட்டும். அப்போது ஒரு புதுப்பயம் வந்தது. பட்டாசு ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பயம் எப்போதும் வயிற்றுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். வானத்தில் இடி இடித்தால்கூட எந்தத் திசை என்று பார்ப்பார்கள். போனை யாராவது எடுக்காவிட்டால் முதலில் நினைவுக்கு வருவது புகைதான். கேட்டில் போன் கிடக்கிறது என்று அறிவு சொன்னது. ஒருவேளை போன் மட்டும்தான் மிஞ்சிக் கிடக்கிறதோ என்று மனது கேட்டது. இங்கே அக்கா, அங்கே தம்பி. இரண்டு பேரையும் ஒரே நாளில் கேட்கிறாயா பெருமாளே என்று அவள் வாய்விட்டே சொன்னாள். நர்ஸுக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அழகுமீனா அழுத்தியது எத்தனையாவது முறையோ தெரியாது. திடீரென்று மணிச்சத்தம் நின்றது.

"ஏலே! எவன்லே நீ?" என்று ஒரு குரல் வெடித்தது. "ஒருத்தன் எடுக்கலைன்னா அடுத்தவன், அவன் எடுக்கலைன்னா அதுக்கடுத்தவனா? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரே நம்பரு மூணு போன்ல மாத்தி மாத்தி அடிக்கி. போன மாசம் மொக்கைச்சாமிகிட்ட உருவினது பத்தலையாலே? இந்தக் கேட்டையே சுரண்டிட்டுத்தான் போவியோ?"

வாட்ச்மேன் பெத்தணன்! அழகுமீனாவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. உதவி எப்போதும் இனிய சொல்லோடுதான் வரும் என்பதில்லை. சில நேரம் திட்டிக்கொண்டும் வரும்.

"சின்னையா..."

"பாத்தியா, முறை வேற வச்சுக் கூப்பிடுதான்! அதும் பொம்பளைக் குரல்ல! போன் வழியா கையை விட்டு உன் கழுத்தைத் திருகிருவேன்."

"சின்னையா, நான் அழகுமீனா. போர்மேன் வீட்டுக்காரி. சாமி சத்தியமா நான்தான். வச்சிராதீக."

அந்தப் பக்கம் குரல் தணிந்தது.

"ஏ தாயி! நீயா? சாமி கும்பிடப் போன புள்ள எதுக்கு இப்படி அழுகுது?"

அவள் முதலில் கேட்டது கார்டைப் பற்றி அல்ல. "அங்கன எல்லாரும் நல்லா இருக்காகளா? ஒண்ணும் ஆகலியே?"

பெத்தணனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "ஒண்ணும் ஆகலை. இருக்கன்குடி ஆத்தா புண்ணியத்துல அம்புட்டுப் பேரும் நல்லா இருக்காக. ஒன் வீட்டுக்காரன் இப்பத்தான் சாப்பிட்டுட்டு உள்ள போனான். நீ விசயத்தைச் சொல்லு."

"மதினிக்கு மூச்சு முட்டுது, சின்னையா. இருட்டுறதுக்குள்ள ஊசி போடணும்னு சொல்லுதாக. பணம் எடுக்க முடியல. அவுக போன்லதான் அதைச் சரி பண்ணணும். ஓடிப் போயி அவுகளை..."

சொல்லும்போதே நிறுத்திக்கொண்டாள்.

பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் ஓடுவதில்லை. மழை கொட்டினாலும் நடந்துதான் போவார்கள். அங்கே ஒருவர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒருமுறை குளவி துரத்தி ஒருவன் ஓட, அவனைப் பார்த்த பெண்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அறையை விட்டுக் குதித்தார்கள். விழுந்து மிதிபட்டதில் மாரித்தாய்க்குக் கால் எலும்பு முறிந்தது. தீயே இல்லாமல் நடந்தது அது.

"தெரியுது, சின்னையா. நடந்தே போங்க," என்றாள்.

"நடந்துதான் தாயி போகணும். கொஞ்சம் எட்டி வச்சு நடக்கேன். கேட்டைப் பூட்டிட்டுப் போறேன், மேனேஜர் கேட்டா கேக்கட்டும். போனு இங்கனயே கெடக்கும், லைனை வைக்காத."

பெத்தணனுக்கு வயதாகிவிட்டது. கேட்டிலிருந்து வெடிமருந்துக் கலவை அறைகள் வெகு தூரத்தில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டிருந்தன. எந்த அறையில் போர்மேன் நிற்கிறானோ தெரியாது. அழகுமீனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காக்கை ஒன்று கரைந்தது. ரோட்டில் லோடு லாரி போனது. அலமாரியில் வேறு யாருடைய போனோ சாமி பாட்டுப் பாடி ஓய்ந்தது. அத்தனை தூரத்துக்கு அப்பால் தன் ஊர் வெயிலையே கேட்பது போல் இருந்தது. அந்தக் கிழவரின் ஒவ்வொரு அடியையும் அவள் மனதுக்குள் எடுத்து வைத்தாள். இந்நேரம் வேம்பைத் தாண்டியிருப்பார். இந்நேரம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியிருப்பார். இங்கே கட்டிலில் மதினியின் மூச்சு, ஒரு பிடி இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

போன் டொக்கென்று ஒரு சத்தம் போட்டது. நர்ஸ் குனிந்து திரையைப் பார்த்தாள். காசு தீரப்போகிறது. போனை வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்து அழகுமீனா சுவரோரமாக ஒடுங்கினாள். நர்ஸ் கையை நீட்டவில்லை. மேஜையில் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் தன் போனை எடுத்துத் தட்டினாள். நர்ஸின் போன் நடுங்கி, புதிதாகக் காசு ஏறியதைச் சொன்னது. இருவரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவளுடைய நன்றிக்குக்கூட அவர்கள் நிற்கவில்லை. இப்படிப்பட்டவர்களைப் பார்த்தா ஒடுங்கினோம் என்று அழகுமீனாவுக்கு வெட்கமாக இருந்தது. பயம் நல்லவர்களின் முகத்தையும் மறைத்துவிடுகிறது.

கடைசியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாரு?" தங்கப்பாண்டியனின் குரல் இறுக்கமாக இருந்தது.

"நான்தாங்க. உங்க செயலியைத் திறந்து என் கார்டை வெளிநாட்டுக்கு ஆன் பண்ணுங்க. சீக்கிரம்."

பின்னால் பெத்தணன் இரைத்துக்கொண்டே, "மீனாதான்டா, பேசு" என்பது கேட்டது.

"நீ மீனாதான்னு நான் எப்படி நம்புறது?" என்றான் தங்கப்பாண்டியன். மொக்கைச்சாமியிடம் அவன் மச்சினன் குரலில் பேசித்தான் பணத்தைப் பறித்தார்கள். யார் குரலில் கேட்டாலும் நம்பாதீர்கள் என்று கேட்டில் அத்தனை பேரையும் நிற்க வைத்துச் சொன்னவனே இந்த போர்மேன்தான்.

அவளுக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்தது. "நல்லாக் கேட்டீக. போன தீவாளிக்கு எனக்குச் சேலை எடுக்கப் போயி, உங்களுக்கு வேட்டியும் சட்டையும் எடுத்துட்டு வந்து, கடையில சேலை தீந்துபோச்சுன்னு சொன்னீகளே, அதைச் சொல்லவா? சேலைக் கடையில சேலை தீந்துபோச்சாம்!"

பெத்தணன் சிரிப்பது கேட்டது.

"போதும் போதும்," என்றான். உடனே குரல் மாறியது. "அக்காவுக்கு என்ன மீனா?"

சொன்னாள்.

"அக்கா பேசுமா?"

"மூஞ்சியில மாஸ்க் போட்டிருக்கு. பேச்சில்ல."

"கையெல்லாம் மருந்து. கழுவிட்டுத் தொடணும்," என்றான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "ரேகை எடுக்க மாட்டேங்குது. மருந்துல கிடந்து விரல்ல ரேகையே இல்ல. நம்பர் போட்டுத்தான் திறக்கணும்."

"நம்பர் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு... இருக்கு." சற்றுப் பொறுத்து மெதுவாகச் சொன்னான். "நம்பரைத் தப்பாப் போட்டுருவேன் மீனா. பயமா இருக்கு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. தினமும் வெடிமருந்துக்கு நடுவில் நிற்கிறவன். பக்கத்துக் கம்பெனியில் தீப்பிடித்த அன்றுகூட, வந்து கைகால் கழுவிச் சோறு கேட்டவன்.

"எனக்கும்தாங்க பயமா இருக்கு. சின்னையாவைப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. பெருமாளை நெனச்சுக்கிட்டு நிதானமாப் போடுங்க."

"லைனை வைக்கேன். போட்டுட்டுக் கூப்பிடுதேன்."

போன் மௌனமானது. அவள் மருந்துக் கவுன்ட்டருக்குப் போய் நின்றாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. நர்ஸும் வந்து பக்கத்தில் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

போன் அடித்தது. "போட்டுட்டேன். ஓ.டி.பி. வந்துச்சு, அதையும் போட்டேன். பச்சையா மாறிருச்சு. இப்பப் பாரு."

கவுன்ட்டர்காரர் கார்டைச் செருகினார். அவள் எண்ணை அழுத்தினாள். மெஷின் கீச்சென்றது. துண்டுச் சீட்டு வந்தது. அவர் அதைப் படித்தார். முகம் தொங்கியது.

"இல்லையா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

அவர் சீட்டை மடித்தார். அவளைப் பார்த்தார். அவள் கையில் இன்னும் அணையாமல் இருந்த போனைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து ஒரு ஆண்பிள்ளை, "மீனா, மீனா, போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரல் எதற்காக அப்படிக் கேட்கிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியை எடுத்தார். கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். நர்ஸைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நர்ஸ் அதை வாங்கிக்கொண்டு வார்டை நோக்கி ஓடினாள்.

ஓடுகிறவளைப் பார்த்ததும் அழகுமீனாவுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் பதறியது. பிறந்ததிலிருந்து பழகிய பதற்றம் அது. பிறகுதான் இது வேறு ஊர், இங்கே ஓடலாம் என்று உறைத்தது.

பெட்டி போய்விட்டது. பணம் இன்னும் போகவில்லை. சுவிட்ச் வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்பது போல அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவர் அவசரப்படாமல் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்தார். பிறகு மெஷினை அவள் பக்கம் திருப்பினார். ஈர விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அவள் எண்களை அழுத்தினாள். இந்த முறை மெஷின் கத்தவில்லை. நீளமாக ஒரு சீட்டு, நாக்கை நீட்டுவது போல மெல்ல வெளியே வந்தது. அவர் அதைக் கிழித்து இரண்டு கையாலும் கொடுத்தார். அழகுமீனா கைகூப்பினாள். அவரும் கைகூப்பினார்.

வார்டில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் கட்டிலருகே நின்று மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அழகுமீனாவுக்கு இன்னும் பயம் தீரவில்லை. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாமங்களையெல்லாம் சொன்னாள். தெரியாத ஊரில் தனக்குப் போன் கொடுத்தவள், காசு ஏற்றியவள், மருந்தைத் தள்ளியவர் எல்லோரையும் அந்த நாமங்களோடு சேர்த்தே சொன்னாள்.

வெளியே எங்கோ கோயில் மணி கேட்டபோது முருகம்மாளின் உதட்டில் நீலம் வெளிறியிருந்தது. மூச்சு நிற்காமல் ஓடியது. டாக்டர் கட்டை விரலை உயர்த்தவில்லை. கையைப் பாதி உயர்த்தி, ஆடுவது போலக் காட்டினார். ஆனால் அவர் போகும்போது நடையில் அவசரமில்லை.

நர்ஸின் போன் மறுபடி அடித்தது. தங்கப்பாண்டியன்தான். கேட்கப் பயந்தான்.

"ஊசி போட்டாச்சு. இப்ப பரவால்ல," என்றாள் அழகுமீனா. "என்னங்க அங்கன ஒரே சத்தம்?"

"வேலை முடிஞ்சு எல்லாரும் கேட்டுலதான் நிக்காக, போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். வீட்டுக்குக் கூட்டிப் போற வேன் டிரைவர் ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டான். சேதி தெரியாம வேன்ல ஏற மாட்டோங்காக."

முருகம்மாள் கண்ணைத் திறந்தாள். போன் என்று தெரிந்ததும் மாஸ்க்கைச் சற்றே விலக்கினாள். அழகுமீனா போனை அவள் காதில் வைத்தாள். ஊர்க் கூச்சல் முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது.

"ஏலே தங்கம்," என்றாள் முருகம்மாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, அடுத்த சொல்லைச் சொன்னாள். "சனங்களை எதுக்குலே... கால் கடுக்க நிக்க வச்சிருக்க?"

அந்தப் பக்கம் சட்டென்று அமைதியானது. பிறகு யாரோ ஒருத்தி, மாரித்தாயாக இருக்கலாம், "அக்கா திட்டுது!" என்று கத்தினாள். வேனின் கதவு திறந்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறும் சத்தம் கேட்டது.